மேக்டவல் மக்கள் அரசாங்கச் சோறு தின்கிறார்களா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில், நிலக்கரிச் சுரங்கப் பகுதியான மேக்டவல் கவுண்டியைப் (நம் மாவட்டம் போன்றது) பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மக்கள்தொகை, வேலை, வருமானம், வறுமை என எல்லா எண்களையும் கட்டுரையாளர் சிரத்தையாகத் திரட்டியிருக்கிறார். எண்களில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வருமானத்தில் ஏறக்குறைய பாதி அரசாங்கம் கொடுப்பது, ஆகவே உழைக்கும் பழக்கமே விட்டுப்போன ஊர் என்று முடித்திருக்கிறாரே, அது அந்த எண்கள் சொல்லாத சங்கதி. மாவட்டப் புள்ளியியல் கையேடு தயாரிக்கும் வேலையிலேயே காலம் கழித்தவன் என்பதால் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

அந்தப் 'பாதி'யைப் பிரித்துப் பார்ப்போம். கவுண்டிவாரியாக வருமானத்தைக் கணக்கிடும் அமெரிக்க அரசு அலுவலகம் ஓய்வூதியம், மூத்தோர் மருத்துவக் காப்பீடான மெடிகேர், ஏழைகளுக்கான மெடிகெய்ட், முன்னாள் படைவீரர் சலுகை, உணவு உதவி எல்லாவற்றையும் ஒரே தலைப்பில் போட்டுவிடுகிறது. இதில் பெரிய பங்கு வகிக்கும் சோஷியல் செக்யூரிட்டி ஓய்வூதியம் இலவசம் அல்ல. வேலை பார்த்த காலம் முழுக்கச் சம்பளத்தில் பிடித்த பணமும் முதலாளி தன் பங்குக்குக் கட்டியதும் சேர்ந்துதான் அது. நம் ஊரில் பி.எஃப். வாங்குபவரை யாராவது அரசாங்கச் சோறு தின்பவர் என்பார்களா?

அதே தலைப்பில் இன்னொன்றும் ஒளிந்திருக்கிறது: கருநுரையீரல் நோய்க்கான இழப்பீடு. நிலக்கரித் தூசியை ஆண்டுக்கணக்கில் சுவாசித்து நுரையீரல் கட்டிப்போனவர்களுக்கு 1969-ஆம் ஆண்டுச் சட்டம் வாங்கித் தந்த பணம் அது. 1968 நவம்பரில் இதே மாநிலத்தின் ஃபார்மிங்டன் சுரங்கம் வெடித்து 78 பேர் செத்த பிறகுதான் அந்தச் சட்டமே வந்தது. மூச்சை விற்று வாங்கிய பணத்தை உழையாமல் வந்த வருமானம் என்று எழுத எப்படிக் கை வந்தது?

ஃபுட் ஸ்டாம்ப், அதாவது ஏழைகள் உணவு வாங்க அரசு கொடுத்த கூப்பன், அதன் கதையும் அப்படித்தான். கென்னடி ஆட்சியின் சோதனைத் திட்டத்தில் நாட்டிலேயே முதல் ஃபுட் ஸ்டாம்ப் 1961 மே 29 அன்று இந்தக் கவுண்டியின் தலைநகரான வெல்ச்சில்தான் கொடுக்கப்பட்டது. வாங்கியது வேலை இழந்த சுரங்கத் தொழிலாளி ஒருவரின் பதினைந்து பேர் கொண்ட குடும்பம். தொகை 95 டாலர். கட்டுரையில் இது கவுண்டியின் 'அடையாளம்' போல வருகிறது. அதற்கு முந்தைய பத்தாண்டுகளில் நடந்ததைப் பற்றி ஒரு வரி இல்லை. மக்கள்தொகை 1950-ல் 98,887, 1960-ல் 71,359. கரி தீர்ந்துவிடவில்லை, அதை வெட்டவும் அள்ளவும் இயந்திரம் வந்துவிட்டது. ரயில்கள் டீசலுக்கும் வீடுகள் எண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் மாறின. பிறகு 1980-களில் கேரி ஊரைச் சுற்றியிருந்த யு.எஸ். ஸ்டீல் சுரங்கங்களும் மூடப்பட்டன. இளவட்டங்கள் வண்டி ஏறி வடக்கே தொழிற்சாலை நகரங்களுக்குப் போனார்கள். அவர்கள் அங்கே சம்பாதித்தது அந்த ஊர்களின் கணக்கில் ஏறியது. நோயாளிகளும் முதியவர்களும் மேக்டவல் கணக்கில் நின்றுவிட்டார்கள்.

1900-ல் இருந்தவர்கள் 18,747 பேர், 2020-ல் 19,111 பேர். ஆகவே கவுண்டி பழைய நிலைக்கே திரும்பிவிட்டது என்றும் கட்டுரையாளர் எழுதுகிறார். படிக்க அழகாக இருக்கிறது. ஆனால் 1900-ல் ரயில் பாதை வந்த சூட்டோடு கறுப்பினத்தவர் தெற்கிலிருந்தும், இத்தாலியர், ஹங்கேரியர் கடல் தாண்டியும் பிழைப்புத் தேடி வந்து குவிந்துகொண்டிருந்தார்கள். அடுத்த பத்தே ஆண்டில் தொகை 47,856 ஆனது. இன்றைய 19,111 வடிந்துகொண்டிருக்கும் தொகை. வயதுவாரிப் பட்டியலை ஒரு முறை புரட்டியிருந்தால் இரண்டையும் ஒன்றாகச் சொல்லத் தோன்றியிருக்காது.

அந்த 19,111-க்குள்ளும் ஒரு சிக்கல் இருக்கிறது. வெல்ச் அருகே 2010-ல் திறந்த மத்திய சிறைச்சாலை ஒன்று உண்டு. ஆயிரம் பேருக்கு மேல் அடைக்கலாம். ஊருக்குள்ளேயே மாநிலச் சிறையும் ஒன்று இருக்கிறது. கைதிகளை அவர்களுடைய சொந்த ஊரில் அல்லாமல், அடைபட்டிருக்கும் இடத்திலேயே எண்ணுவது அமெரிக்க சென்சஸ் வழக்கம். ஆகவே தனிநபர் வருமானத்துக்காக மொத்த வருமானத்தை ஆட்களின் எண்ணிக்கையால் வகுக்கும்போது அவர்களும் அந்த எண்ணிக்கையில் வந்து உட்கார்ந்துகொள்கிறார்கள். வேலைக்குப் போகாதோர் பட்டியலிலும் சேர்ந்துவிடுகிறார்கள். வறுமை விகிதத்தில் மட்டும் அவர்களைச் சேர்ப்பதில்லை. மூன்று விகிதங்களையும் ஒரே அட்டவணையில் பக்கத்தில் பக்கத்தில் அச்சடித்திருக்கிறீர்கள். மூன்றுக்கும் அடித்தளம் வேறு என்று அடிக்குறிப்பு போட்டிருக்க வேண்டாமா? இவ்வளவு சிறிய கவுண்டியில் ஆயிரம் பேர் என்பது விளையாட்டு அல்ல.

வறுமை இல்லை என்று நான் வாதாட வரவில்லை. மாநிலத்தின் 55 கவுண்டிகளில் இடைநிலைக் குடும்ப வருமானம் (பாதிக் குடும்பங்கள் இதற்கு மேல், பாதி இதற்குக் கீழ்) மிகக் குறைவாக இருப்பது இங்கேதான். சுமார் மூன்றில் ஒருவர் வறுமைக்கோட்டுக்குக் கீழே. போதை மாத்திரைச் சாவுகள் பற்றிக் கட்டுரையில் சொன்னதும் உண்மையே. மகள் வர்ஜீனியாவில் இருப்பதால் ஒரு முறை புளூஃபீல்டிலிருந்து 52-ஆம் நெடுஞ்சாலை வழியாக வெல்ச் வரை காரில் போயிருக்கிறேன். வழியில் கிம்பலில் வால்மார்ட் 2005-ல் திறந்து 2016-ல் மூடிவிட்டுப் போன கட்டடம். வெல்ச்சில் நான்கு மாடி, ஐந்து மாடிச் செங்கல் கட்டடங்கள், மேல்மாடி ஜன்னல்களில் பலகை அடித்திருந்தார்கள். காப்பி குடிக்க இடம் தேடிக்கொண்டிருந்தபோது ரயில் ஒன்று போனது. பெட்டி பெட்டியாகக் கரி. முடிய வெகுநேரம் ஆயிற்று. மருமகன் நூறு வரை எண்ணிவிட்டு அலுத்து நிறுத்திவிட்டார்.

அந்தக் கரி எஃகு உருக்குவதற்கான உயர்தரக் கரி. நார்ஃபோக் துறைமுகம் வழியாகக் கப்பலேறுகிறது. அமெரிக்காவிடமிருந்து இத்தகைய கரி வாங்கும் நாடுகளில் இந்தியாவும் முக்கியமானது. சுரங்க நிலமும் கனிம உரிமையும் பெரும்பாலும் வெளியூர் நிறுவனங்களின் கையில் இருப்பது நூறாண்டுக்கு மேற்பட்ட கதை. உற்பத்தி மதிப்பு கவுண்டியின் பெயரில் பதிவாகும், லாபம் பங்குதாரர் வசிக்கும் ஊரில் வருமானமாக ஏறும். உங்கள் அட்டவணையில் உற்பத்திக்கு என்று ஒரு வரிகூட இல்லாததால் வெளியே போகும் பணம் கண்ணுக்கே தெரியவில்லை, உள்ளே வரும் உதவி மட்டும் தெரிகிறது.

அடுத்த பகுதியில் நாட்டிலேயே பணக்காரக் கவுண்டி எனப்படும் வர்ஜீனியாவின் லவுடன் பற்றி எழுதப்போவதாக அறிவித்திருக்கிறீர்கள். டேட்டா சென்டர்கள் பற்றியும் அங்கு குடியேறிய நம்மவர்கள் பற்றியும் நிச்சயம் வரும். அங்கே வீடு வாங்கக் கட்டுப்படியாகாமல் தினமும் வெளியிலிருந்து வேலைக்கு வந்து போகிறவர்களையும் கணக்கில் சேர்க்கச் சொல்லுங்கள். யார் எந்தக் கவுண்டியிலிருந்து எங்கே வேலைக்குப் போகிறார்கள் என்ற விவரத்தை சென்சஸ் அலுவலகமே வெளியிடுகிறது. அவர்களில் பலர் எல்லைக்கு அந்தப் பக்கம், இதே மேற்கு வர்ஜீனியாவின் ஜெஃபர்சன் கவுண்டிக்காரர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புள்ளியியல் ஆய்வாளர் ஒருவர்,
மதுரை.