யாருப்பா இவர் என்று கேட்டாயே

அன்புள்ள அம்மு,

அமெரிக்காவின் யூஜீன் நகரக் கடைத்தெருவிலிருந்து நீ அனுப்பிய படம் கிடைத்தது. மூன்று குழந்தைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு புத்தகம் படித்துக்காட்டும் அந்த வெண்கலச் சிலை, அமெரிக்க எழுத்தாளர் கென் கீசி. 'யாருப்பா இவர்?' என்று ஒரு வரியில் கேட்டுவிட்டாய். எனக்கு ஒரு வரியில் சொல்ல வராது.

நீ படிக்கும் ஓரிகன் பல்கலைக்கழகத்தில்தான் அவரும் படித்தார். மல்யுத்த வீரர். பிறகு கலிஃபோர்னியாவில், முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனையில் எல்.எஸ்.டி. என்ற போதைமருந்துச் சோதனைக்குத் தன்னையே கொடுத்தார். அங்கேயே மனநோயாளிகள் வார்டில் இரவு வேலையும் பார்த்தார். அந்த ராத்திரிகளில் பிறந்ததுதான் 1962இல் வந்த 'ஒன் ஃப்ளூ ஓவர் த குக்கூஸ் நெஸ்ட்' நாவல். செவிடு, ஊமை என்று வார்டே நம்பும் ஒரு செவ்விந்தியர் கதை சொல்லுவார். யாராலும் அசைக்க முடியாத இயந்திரப் பெட்டியை அவர் தூக்கி எறிந்து ஜன்னலை உடைக்கும் இடத்தைப் படித்தபோது எனக்கு உன் வயது. புத்தகத்தை மூடிவிட்டு விடியும்வரை மொட்டை மாடியில் நடந்தேன்.

1964இல் பழைய பள்ளிப் பேருந்து ஒன்றுக்குக் கண்டபடி வண்ணம் அடித்து, நண்பர்களோடு நியூயார்க் போனார். ஹிப்பி காலம் என்றால் எல்லோரும் அந்தப் பேருந்தைத்தான் சொல்வார்கள். கஞ்சா வழக்கு, மெக்சிகோவுக்கு ஓட்டம், சிறை எல்லாம் அதன் பின்னால் வந்தவை. அந்தப் போதையை நான் கொண்டாட மாட்டேன்.

என் மனதில் நிற்பது இன்னொரு பேருந்து. அவருடைய இளைய மகன் ஜெட், அதே பல்கலைக்கழகத்தில், அப்பாவைப் போலவே மல்யுத்தம். 1984 ஜனவரியில் அணியோடு போட்டிக்குப் போன வேன் பனிச்சாலையில் சறுக்கிக் கவிழ்ந்தது. பையனுக்கு இருபது வயது. பண்ணை வீட்டிலேயே புதைத்தார்கள். பெட்டியை நண்பர்கள் செய்தார்கள், குழியை அண்ணனும் தோழர்களும் வெட்டினார்கள். அதற்கப்புறம் அந்த மனிதர், மற்ற பிள்ளைகள் பத்திரமாகப் போய்வர அணிக்கு நல்ல பேருந்து வாங்கப் பணம் கொடுத்தார். 2001இல் அவர் இறந்தபோது மகனுக்குப் பக்கத்திலேயே அடக்கம் செய்தார்கள்.

அடுத்த மாதம் தோழிகளோடு வேனில் பனிமலைக்குப் போகிறேன் என்றாய். போய் வா. டயரை ஒருமுறை பார்த்துவிடு, பின்சீட்டில் இருந்தாலும் பெல்ட் போடு, சேர்ந்ததும் அம்மாவுக்கு ஒரு மெசேஜ்.

மறுபடி அந்தப் பக்கம் போனால், சிலையின் கையில் விரிந்திருக்கும் பக்கத்தில் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பார்த்துச் சொல்லு.

அன்புடன்,
அப்பா