பாசிப் புரதம் வேறு, பாசிப் பொடி வேறு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பாசியின் புரதத்தால் பார்வையிழந்த ஒருவருக்கு ஓரளவு பார்வை திரும்பியது பற்றித் தங்கள் நாளிதழில் வந்த செய்தி உண்மைதான். ஆனால் அது எப்படி நடந்தது என்பதை நான்கு வரியில் முடித்துவிட்டீர்கள். காவேரிப்பட்டணம் சந்தையில் சுருள்பாசி (ஸ்பைருலினா) பொடி விற்பவர் அந்தச் செய்தியைக் கத்தரித்துத் தன் பெட்டியில் ஒட்டி வைத்திருக்கிறார்.

என் தம்பிக்கு ரெட்டினைடிஸ் பிக்மென்டோசா என்னும் பரம்பரை நோய். விழித்திரையில் ஒளியை உணரும் செல்கள் சிறுகச் சிறுக அழிகின்றன. பொழுது சாய்ந்தால் அவனுக்கு வாசற்படி தெரியாது. அக்கம்பக்கத்தார் அந்தப் பொடியை டப்பா டப்பாவாக வாங்கி வந்து கொடுக்கிறார்கள். அவர்கள் அன்பில் குறையில்லை. ஆனால் பொடியால் பயனில்லை என்பதைத் தாவரவியல் நடத்துகிறவள் என்ற முறையில் நான் சொல்லியாக வேண்டும்.

செய்தியில் வந்த பாசி, சுருள்பாசி அல்ல. அது கிளாமிடோமோனாஸ் இனம்; ஒரே செல்லால் ஆனது. அது உள்ள நீரை ஜன்னலோரம் கண்ணாடிக் குவளையில் வைத்தால், சிறிது நேரத்தில் வெளிச்சம் விழும் பக்கமாகப் பச்சை திரள்வதை மாணவிகளே காணலாம். வெயில் கடுமையானால் விலகியும் போகும். ஒளியை அறிய உதவும் கண்புள்ளிக்கு மேலே செல் சவ்வில் உள்ள சேனல்ரோடாப்சின் என்ற புரதமே இதற்குக் காரணம். அதனுள் வைட்டமின் ஏ வழிவந்த ரெட்டினால் இருக்கிறது. ஒளி பட்டதும் ரெட்டினால் வடிவம் மாறுகிறது. மடை திறந்ததுபோல் மின்னூட்டம் கொண்ட துகள்களான அயனிகள் உள்ளே பாய்கின்றன. செல்லின் மின்னழுத்தம் மாறி, அது நீந்த உதவும் கசையிழைகள் அடிக்கும் விதமும் மாறுகிறது. நம் கண்ணில் பல படிகளைக் கடந்து நடக்கும் வேலையை இங்கே ஒரே புரதம் செய்துவிடுகிறது.

2021-இல் வெளியான ஆய்வில், இத்தகைய புரதத்துக்கான மரபணுவைத் தீங்கற்ற வைரஸ் மூலம் 58 வயதுக்காரர் ஒருவரின் ஒரு கண்ணில் செலுத்தினார்கள். அழியாமல் மிஞ்சியிருந்த நரம்புச் செல்கள் அந்தப் புரதத்தைத் தாமே உண்டாக்கின. இதற்கெனவே அமைத்த சிறப்புக் கண்ணாடி அணிந்து, மாதக்கணக்கில் பயிற்சி பெற்ற பிறகு, மேசைமேல் இருந்த நோட்டுப் புத்தகத்தை அவரால் கண்டுகொள்ள முடிந்தது. முகங்களை அடையாளம் காண முடியவில்லை. வாயால் உண்ணும் எந்தப் பாசியும் இதைச் செய்யாது. அதன் புரதம் வயிற்றில் செரித்துப்போகும்.

வைட்டமின் ஏ குறைவால் வரும் மாலைக்கண்ணுக்கு முருங்கைக்கீரையும் பப்பாளியும் உதவும். தம்பிக்கு வந்திருப்பது வேறு. எங்கள் பக்கம் அக்காள் மகளையும் மாமன் மகளையும் மணப்பது வழக்கம். இத்தகைய பரம்பரை நோய்கள் சில குடும்பங்களில் தலைகாட்ட அதுவும் ஒரு காரணம். என் பெற்றோரும் நெருங்கிய உறவினர்களே.

ஆகவே, இந்த இரு நோய்களின் வேறுபாட்டையும், மரபணுப் பரிசோதனை யாருக்குத் தேவை என்பதையும் விழித்திரை மருத்துவர் ஒருவரைக் கொண்டு விரிவாக எழுதி வெளியிடுங்கள். முந்தைய செய்தி வந்த அதே பக்கத்தில், அதே அளவில் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
தாவரவியல் ஆசிரியை,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.