பழைய லாண்ட் ரோவரும் சாவி இல்லாத இஞ்சினும்

வெள்ளவத்தை,
கொழும்பு 6.

அன்பின் மச்சான்,

உன் கடிதம் வந்து இரண்டு கிழமை ஆகிறது. முழங்கால் ஆபரேஷன் நல்லபடி முடிந்தது என்று வாசித்த பிறகுதான் நிம்மதி. மகள் பல்கலைக்கழகம் போனதிலிருந்து வீடு வெறிச்சென்று கிடக்கிறது என்று எழுதியிருந்தாய். இங்கே நேர்மாறு. அம்மாவுக்குக் கண்ணில் லென்ஸ் வைத்த நாளிலிருந்து எந்த மூலையில் எவ்வளவு தூசி என்று அவவுக்கு எல்லாம் தெரிகிறது. வீட்டில் ஒருவரும் ஆறுதலாக இருக்க முடியவில்லை.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். "அந்தத் தகரத்தை இன்னும் விற்கவில்லையா" என்று கேட்டிருந்தாய். விற்கவில்லை. போன செவ்வாய் பின்நேரம் அது ஸ்டார்ட் ஆனது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

முதலில் ஒரு திருத்தம். அது தகரம் இல்லை. லாண்ட் ரோவரின் உடம்பு அலுமினியக் கலவை, துருப்பிடிக்காது. துருப்பிடிப்பது அடியில் இருக்கும் இரும்புச் சேசிஸ். இரும்பும் அலுமினியமும் ஒட்டி நிற்கும் இடத்தில் உப்பு ஈரம் பட்டால் அலுமினியமும் வெள்ளை மாவாக உதிரும். வெள்ளவத்தைக் கடற்காற்றில் எங்கள் வீட்டு ஜன்னல் கம்பியே மூன்று வருடம் தாங்காது என்பது உனக்குத் தெரியும். அதனால்தான் வண்டியை மெக்கானிக் பாஸின் கராஜிலேயே விட்டிருக்கிறேன். மனுசி நான் இரண்டாவது குடும்பம் வைத்திருப்பதாகச் சொல்லித் திரிகிறாள்.

வண்டி சக்கர இடைவெளி 109 அங்குலமான பிக்கப், சீரீஸ் 3, எழுபதுகளில் வந்தது. பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து மூட்டையும் உரமும் ஏற்றி, கடைசியில் ஸ்டோர் சுவரோடு சாய்ந்து கிடந்தது. நம்பர் பிளேட்டில் இன்னும் அந்தப் பழைய சிங்கள ஸ்ரீ. அந்த ஒரு எழுத்தை அழிக்க 1957, 58-இல் தார்ச்சட்டியோடு தெருவில் இறங்கியவர்களில் உன் தாத்தாவும் ஒருவர். இப்போது நான் அதைத் துணியால் துடைத்துத் துடைத்து வைத்திருக்கிறேன். என்ன செய்வது, பதிவுப் புத்தகத்தில் இருப்பது அந்த எழுத்துத்தானே.

புதிதாக ஒன்று வாங்கினால் என்ன என்றும் கேட்டிருந்தாய். 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியை 2025 பெப்ரவரியில்தான் திறந்து விட்டார்கள். ஐந்து வருடம் இந்த நாட்டில் எல்லோரும் பழையதைத்தான் தட்டித் தட்டி ஓட்டினோம். இப்போது கதவு திறந்திருக்கிறது. ஆனால் வரியோடு சேர்த்து விலையைக் கேட்டால் அந்தக் கதவை நாங்களே சாத்திவிட்டு வரத் தோன்றும். அதோடு, உண்மையைச் சொன்னால், எனக்குப் புதியது வேண்டியிருக்கவில்லை.

பழைய இஞ்சின் 2,286 சீசீ பெற்றோல். கூடிப் போனால் 70 குதிரை. மலையில் ஏறும், ஆறு கடக்கும், எல்லாம் செய்யும். ஆனால் காலி வீதியில் ஒரு முச்சக்கர வண்டி ஹோர்ன் அடித்துக்கொண்டு முந்திப் போகும். பெற்றோலையும் தண்ணீர் மாதிரிக் குடிக்கும். 2022-இல் கியூஆர் கோட்டைக் காட்டிக் கிழமைக்கு அளந்து வாங்கிய காலத்தை நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது.

எந்த இஞ்சின் வைப்பது என்பதில் பாஸுக்கும் எனக்கும் ஒரு மாதம் சண்டை. பாஸ் ஹட்டன் ஆள். அப்பா காலத்திலிருந்து தோட்டத்து லாண்ட் ரோவர்களோடு வளர்ந்தவர். "ஐயா, பழைய இசுசு டீசல் ஒன்னு போடுவோம். ஒரு வயர் போதும், ஸ்டொப் பண்ண. மத்தது எல்லாம் கைதான்" என்றார். அவர் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை. நான்தான் டொயோட்டா 1கேடி என்று பிடிவாதமாக நின்றேன். 2,982 சீசீ கொமன் ரெயில் டீசல், அதாவது டீசலை ஒரே குழாயில் உயர் அழுத்தத்தில் வைத்துப் பீச்சுவது. பிராடோவிலும் ஹைலக்ஸிலும் வந்தது. காரணம் வேகம் மட்டும் இல்லை. இந்த இஞ்சின்தான் டொயோட்டா கேடிஎச் வேனிலும் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் நின்றாலும் அம்பாந்தோட்டையில் நின்றாலும் அதைத் திறந்து பூட்டத் தெரிந்த ஒருவன் பக்கத்தில் இருப்பான். காட்டுக்குள் போகிற வண்டிக்கு இதைவிடப் பெரிய தகுதி எது?

பஞ்சிகாவத்தைப் பழைய சாமான் கடைகளில் மூன்று சனிக்கிழமை அலைந்து ஒரு பிராடோவின் ஹாஃப் கட் பிடித்தோம். யப்பானில் வாகனத்தைப் பாண் மாதிரிக் குறுக்கே அறுத்து, முன் பாதியை அப்படியே கப்பலில் ஏற்றிவிடுவார்கள். இஞ்சின், கியர் பொக்ஸ், வயர் கூட்டம், டாஷ்போர்ட் எல்லாம் அதோடு வரும். எல்லாம் வந்தது, சாவி மட்டும் வரவில்லை. கடைக்காரர் "சாவி என்ன சேர், பத்து நிமிச வேலை" என்றார். அந்தப் பத்து நிமிடத்தின் கதையைப் பிறகு சொல்கிறேன்.

இஞ்சினைச் செயின் புளொக்கில் தூக்கி உள்ளே இறக்க ஒரு காலை போதுமாக இருந்தது. அதற்குப் பிறகுதான் ஒன்பது மாதம். முதலில் ஒயில் சம்ப், இஞ்சினின் அடியில் ஒயில் தேங்கும் தட்டு. லாண்ட் ரோவருக்கு முன்னால் இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் முழு ஆக்ஸில். பள்ளத்தில் விழுந்தால் அது மேலே எழும்பி வரும். அதில் இருக்கும் டிஃப், அதாவது சக்கரங்களுக்கு இழுவையைப் பிரிக்கும் பல்சக்கரக் குடம், நடுவில் இல்லை, வலப்பக்கம் ஒதுங்கி இருக்கும். பிராடோவுக்கு அந்த மாதிரி ஆக்ஸில் இல்லை. ஆகவே அதன் சம்ப்பைச் செய்தவனுக்கு எங்கள் கவலை தெரியாது. சம்ப் சரியாக டிஃப்பின் தலையில் வந்து குந்தியது. இஞ்சினை உயர்த்தினோம். உயர்த்தினால் மேலே இருக்கும் இன்டர்கூலர், உள்ளே போகும் காற்றைக் குளிராக்கும் பெட்டி, பொனட்டில் முட்டியது. இன்டர்கூலரைக் கழற்றி ரேடியேட்டருக்கு முன்னால் கொண்டுபோனோம். அப்படியும் இரண்டு விரல் இடம் போதவில்லை. பாஸ் டேப் பிடித்து அளக்கவே மாட்டார், எல்லாம் விரல்தான். கடைசியில் சம்ப்பை வெட்டி ஒட்டுவதைத் தவிர வேறு வழி இல்லை என்றார்.

எனக்குச் சரியான கோபம். இசுசு போட்டிருந்தால் இந்தக் கரைச்சல் வந்திருக்குமா என்று அவர் வாயால் கேட்கவில்லை, கண்ணால் கேட்டார். சம்ப்பைக் கழற்றிக் கவிழ்த்தோம். உள்ளே ஒயில் இழுக்கும் குழாயின் வாயில் ஒரு வலை இருக்கும், தேநீர் வடி மாதிரி. அது பாதிக்கு மேல் கறுப்புத் தாரால் அடைபட்டிருந்தது. பாஸ் அதை விரலால் சுரண்டி என் முன்னால் நீட்டினார். ஒன்றும் பேசவில்லை.

விஷயம் இதுதான், மச்சான். இந்த இஞ்சினில் ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் அடியில் ஒரு சின்னச் செப்பு வாஷர் இருக்கிறது. காதில் போடும் வளையம் அளவுதான். அது சரியாக அமராமல் போனால் எரிந்த வாயு மேலே கசிந்து ஒயிலோடு கலக்கும். ஒயில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரி ஆகி, அந்தக் கரி கீழே போய் வலையை அடைக்கும். வலை அடைந்தால் ஒயில் மேலே ஏறாது. ஏதோ ஒரு நாள் முழு வேகத்தில் போகும்போது பெயரிங் பிடித்து இஞ்சின் முடிந்துவிடும். 1கேடியின் ஆரம்ப வருடங்களில் இது தெரிந்த வியாதி. நானும் கேள்விப்பட்டிருந்தேன். யப்பானிலிருந்து வந்தது சுத்தமாக இருக்கும் என்ற நம்பிக்கையில் திறந்து பார்க்காமலே வைத்தேன். டிஃப் இடித்ததால்தான் சம்ப்பைக் கழற்றினோம். இடிக்காமல் போயிருந்தால் நேரே மலையில் ஏற்றி அதை அங்கேயே புதைத்துவிட்டு வந்திருப்பேன்.

நான்கு இன்ஜெக்டரையும் கழற்றி, அமரும் இடத்தைச் சுத்தம் செய்து, புது வாஷர் போட்டு, வலையையும் மாற்றினோம். சம்ப்பை லேத் காரரும் வெல்டிங் பாஸும் சேர்ந்து வெட்டி ஒட்டினார்கள். ஒட்டியதைக் கவிழ்த்து வைத்து ஒரு இரவு முழுக்க மண்ணெண்ணெய் ஊற்றி விட்டார்கள். காலையில் தரையில் ஒரு சொட்டு இல்லை.

அந்த மண்ணெண்ணெய் வாசம் வந்ததும் உன் அப்பாவின் ஒஸ்டின் ஏ40 கார்தான் ஞாபகம் வந்தது. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராத நாட்கள். சின்னப் போத்தலில் அவர் உயிர் மாதிரிப் பொத்தி வைத்திருந்த பெற்றோலை நீ கார்புரேட்டருக்குள் பீச்ச, நான் பின்னால் நின்று தள்ள, பிடித்ததும் மண்ணெண்ணெய்க்கு மாற்ற, ஒழுங்கை முழுக்கப் புகை. நாங்கள் இரண்டு பேரும் மெக்கானிக் ஆகப்போகிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். நீ கணக்காளன், நான் காப்புறுதி.

இப்போது சாவிக் கதைக்கு வருகிறேன். ஏ40 ஓடுவதற்கு ஒரு பொறியும் எரியக்கூடிய ஏதாவது ஒரு திராவகமும் போதும். இந்த மூன்று லீட்டர் இஞ்சினுக்கு டீசல் இருந்தது, பற்றரி இருந்தது, ஸ்டார்ட்டர் அழகாகச் சுற்றியது, ஆனால் பிடிக்கவில்லை. சாவித் தலைக்குள் ஒரு சிப் இருக்கிறதாம். அதன் இலக்கத்தை வண்டியின் மூளை அடையாளம் காணாவிட்டால் இன்ஜெக்டருக்கு ஒரு துளியும் விடாது. எங்கள் மூளை யப்பானில் யாரோ ஒருவரின் சாவிக்காகக் காத்துக்கொண்டிருந்தது. பத்து நிமிட வேலைக்குப் பதினொரு கிழமை எடுத்தது. கடைசியில் நுகேகொடையில் ஒரு பொடியன், என் மகனைவிட இரண்டு வயதுதான் கூட இருக்கும், அந்தப் பெட்டியைத் திறந்து மெமரியைத் திரும்ப எழுதி வெறும் சாவி ஒன்றைப் பழக்கித் தந்தான். கையில் கறை இல்லை. பாஸ் அவனை ஏதோ சாமியார் மாதிரிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மற்றவை சுருக்கமாக. பழைய கியர் பொக்ஸ் 160 நியூட்டன் மீட்டர் அளவு இழுவைக்குச் செய்தது. புது இஞ்சின் தருவது 343. வைத்தால் பல் பல்லாகக் கொட்டும். அதனால் கியர் பொக்ஸும் டொயோட்டா. இழுவையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கும் ட்ரான்ஸ்பர் கேஸில் முன் சாஃப்ட் வெளிவரும் வாய் எங்கள் டிஃப் இருக்கும் பக்கமே இருக்கவேண்டும். அதைப் பார்த்துத் தேடி எடுக்கவே ஒரு மாதம். நாலு சக்கர இழுவையை மாற்றும் லாண்ட் ரோவரின் அந்த மஞ்சள் குமிழும் சிவப்புத் தடியும் போனதில் எனக்குக் கவலைதான். சிவப்புக் குமிழை மட்டும் டொயோட்டாத் தடியின் தலையில் பூட்டி வைத்திருக்கிறேன். டிஃப் பழைய 4.7 விகிதம்தான். கணக்குப் போட்டுப் பார்த்தேன்: ஐந்தாவது கியரில் 100 கிலோமீட்டர் போனால் இஞ்சின் 2,700 அளவில் சுற்றும். போதும். பின் ஆக்ஸில் சாலிஸ்பரி வகை, யானை மாதிரிப் பலம். முன்னால் இருப்பது பத்துப் பல் சாஃப்ட், அவ்வளவு பலம் இல்லை. அதை உடைக்கிறதும் விடுகிறதும் என் காலில்தான் இருக்கிறது என்று பாஸ் தினமும் சொல்கிறார்.

பிரேக் நான்கும் 11 அங்குல டிரம். 70 குதிரைக்கு அது சரி. இந்த இஞ்சினோடு முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் போடாமல் கேட்டைத் தாண்ட விடமாட்டேன் என்று மனுசி சொன்னாள். இந்த ஒன்பது மாதத்தில் அவள் சொன்ன ஒரே தொழில்நுட்பக் கருத்து, அதுவும் சரியான கருத்து. டாங்க்கும் புதிது, துருப்பிடிக்காத எஃகு. கொமன் ரெயிலுக்குள் ஒரு துருத்தூள் போனாலும் இன்ஜெக்டர் நாலும் போச்சு.

செவ்வாய்க்கிழமை மகன் லப்டொப்பை மட்கார்டில் வைத்துக்கொண்டு பிழை இலக்கங்களை வாசிக்க, பாஸ் டீசல் லைனில் காற்று எடுத்து முடிக்க, நான் சாவியைத் திருப்பினேன். மூன்றாவது சுற்றில் பிடித்தது. கொஞ்சம் வெள்ளைப் புகை, பிறகு அதுவும் இல்லை. அவ்வளவு சத்தமில்லாமல் ஒரு லாண்ட் ரோவர் ஸ்டார்ட்டில் நின்றதை நான் கண்டதில்லை. பாஸ் பொனட்டில் கையை வைத்துக்கொண்டு நின்றார். "வேன் மாதிரி இருக்கு" என்றார். அது புகழ்ச்சியா என்று இன்னும் கேட்கவில்லை.

இனிப் பேப்பர் வேலை. இஞ்சின் இலக்கத்தையும் எரிபொருளையும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் மாற்றிப் பதிய வேண்டும், புகைப் பரிசோதனை, அப்புறம் வருட வரிப்பத்திரம். அதெல்லாம் முடியும் வரை கராஜ் முற்றத்தில் முன்னுக்கும் பின்னுக்கும் பத்து அடி.

சாமான் ஏதாவது அனுப்பவா என்று கேட்டிருந்தாய். உங்கள் நாட்டில் இந்த இஞ்சினை டொயோட்டா விற்கவே இல்லை. அங்கே போய் வாஷர் கேட்டால் உன்னை விசரன் என்று நினைப்பார்கள். உன் அப்பாவிடம் விஷயத்தைச் சொல். இது மண்ணெண்ணெயில் ஓடுமா என்று முதல் கேள்வியாகக் கேட்பார். ஓடாது, இதன் பம்புக்கு டீசலில் இருக்கும் பசைதான் ஒயில், மண்ணெண்ணெய் விட்டால் பம்ப் தேய்ந்து போகும். அவருக்கு இது பிடிக்காது. பக்குவமாகச் சொல்.

நல்லூர்த் திருவிழாவுக்கு வருவதாக எழுதியிருந்தாய் அல்லவா? அதற்குள் பேப்பர் சரியாகிவிடும். முதலில் ஹுன்னஸ்கிரியாவால் ஏறி மீமுரே மலைக் கிராமம், ஒரு இரவு அங்கே. பிறகு இறங்கி யாழ்ப்பாணம். முன்னால் மூன்று சீட் இருக்கிறது. ஒரே சிக்கல், வண்டி நிலத்திலிருந்து நல்ல உயரம். உனக்காகக் கதவடியில் ஒரு படி வெல்ட் பண்ணச் சொல்லியிருக்கிறேன். எந்த உயரத்தில் என்று பாஸ் கேட்கிறார். முழங்கால் இப்போது எவ்வளவு மடங்குகிறது, எத்தனை அங்குலம் ஏறலாம் என்று டொக்டரிடம் கேட்டு எழுது. விரல் கணக்கில் எழுதினாலும் பரவாயில்லை.

அன்புடன்,
உன் மச்சான்