பெரியப்பாவுக்கு: கரியைப் பற்றியும் கல்லாறைப் பற்றியும்

அன்புள்ள பெரியப்பா,

வணக்கம். பழனியில் நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே குன்னூரில் குளிர் இறங்கிவிட்டது. அப்பாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் கூடியிருக்கிறது, மற்றபடி சுகம்தான்.

போன வாரம் போனில், நீங்கள் ஓட்டின நம் நீலகிரி மலை ரயிலைப் பார்க்க ஒருமுறை மலைக்கு வந்து போங்கள் என்று கூப்பிட்டேன். "கரி போச்சு, அதோட எல்லாம் போச்சு கண்ணு. எண்ணெயில ஓடுறத பாக்க நான் எதுக்கு வரணும்?" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டீர்கள். அன்று எனக்குப் பதில் வரவில்லை. இப்போது எழுதுகிறேன். எல்லோரும் படிக்கும்படி எழுதுவதற்குக் காரணம் உண்டு. என்ஜின்களை நிறுத்திப் பராமரிக்கும் லோகோ ஷெட்டில் உங்களோடு வேலை பார்த்தவர்களின் பிள்ளைகள் பலர் இன்று ஊர் ஊராகச் சிதறி இருக்கிறார்கள். இது அவர்கள் கண்ணிலும் பட வேண்டும் என்று ஆசை.

முதலில் கரி. திருச்சி பொன்மலைப் பணிமனையில் 2011 முதல் நம் பாதைக்கென்று எக்ஸ் கிளாஸ் என்ற வகையில் புதிய நீராவி என்ஜின்களைக் கட்டினார்கள். அவை எண்ணெயில் எரிபவை, அதை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆனால் 2021இல் அதே பொன்மலையில் கரியில் ஓடும் புது எக்ஸ் ஒன்றையும் செய்து வெளியே விட்டார்கள். பழையதைப் பழுது பார்த்தது கிடையாது, புதிதாகச் செய்தது. நூறு வருடத்துக்கு முன்னால் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரிலிருந்து கப்பலில் வந்த என்ஜினை நம் ஊர்க்காரர்கள் தங்கள் கையாலேயே செய்திருக்கிறார்கள். உங்கள் காலத்தில் யாராவது இப்படி நடக்கும் என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பீர்களா?

எண்ணெய் என்ஜினையும் நீங்கள் இவ்வளவு வெறுக்க வேண்டாம் என்று நினைக்கிறேன். பங்குனி, சித்திரையில் மலையடிவாரக் கல்லாறுக்கு மேலே புல் எப்படிக் காய்ந்து கிடக்கும், அதில் ஒரு தீப்பொறி விழுந்தால் என்ன ஆகும் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அடுப்பில் என்ன எரிந்தால் என்ன, கொதிப்பது அதே தண்ணீர், தள்ளுவது அதே நீராவி. சின்ன வயதில் என்னைத் தோளில் உட்கார வைத்துக்கொண்டு சிலிண்டர்களைக் காட்டியது நீங்கள்தானே. ஒரு பக்கத்துக்கு இரண்டு, ஒன்றின் மேல் ஒன்று. சமதளத்தில் கீழே இருப்பது மட்டும் வேலை செய்து சாதாரணச் சக்கரத்தைச் சுழற்றும். கல்லாறில் ரேக், அதாவது நடுவே போட்ட பல் தண்டவாளம், தொடங்கியதும், கீழே வேலை முடித்த நீராவி வீணாக வெளியே போகாமல் மேல் சிலிண்டருக்குப் போய், தண்டவாளத்துக்கு நடுவே கடிக்கிற பல்சக்கரத்தைச் சுழற்றும். "ஒரே ஆவிக்கு ரெண்டு வேலை" என்று சொல்வீர்கள். அந்த ஏற்பாடு அப்படியே இருக்கிறது. ஹில்குரோ ஸ்டேஷனில் தண்ணீர் பிடித்துவிட்டுக் கிளம்பும்போது அந்த இரட்டைச் சத்தம், கீழே ஒரு தாளம் மேலே ஒரு தாளம், இன்றும் கேட்கிறது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் உள்ளே எரிவது கரியா எண்ணெயா என்று உங்களால் வேண்டுமானால் சொல்ல முடியும். என்னால் முடியாது.

பல் தண்டவாளமும் அதேதான். இரண்டு பட்டைகள் அருகருகே, ஒன்றின் பல்லுக்கு நேராக மற்றதன் பள்ளம். எந்த நொடியிலும் ஏதாவது ஒரு பல் சக்கரத்தைப் பிடித்தபடி இருக்கும். ரோமன் ஆப்ட் என்ற சுவிஸ் பொறியாளரின் ஏற்பாடு அது. இந்தியாவில் வேறு எந்தப் பாதையிலும் இது கிடையாது. பன்னிரண்டடி போனால் ஓரடி ஏறுகிற மலையில், மணிக்கு 13 கிலோமீட்டர் வேகத்தில், என்ஜின் பின்னால் நின்று பெட்டிகளை மேலே தள்ளுகிறது. இணைப்பு அறுந்தாலும் பெட்டி பின்னோக்கி ஓடாமல் என்ஜின் தாங்கிக்கொள்ளும் என்று நீங்கள் விளக்கியது நினைவிருக்கிறது. ஒவ்வொரு பெட்டியின் முன்மேடையிலும் பிரேக் போடுகிற பிரேக்ஸ்மேன் இன்றும் நிற்கிறார். முன்னால் நிற்பவர் கொடி காட்ட, அடுத்தவர் அதைப் பார்த்துக் கொடி காட்ட, செய்தி பின்னால் டிரைவருக்குப் போய்ச் சேருகிறது. மழையோ மூடுபனியோ, அந்த மனிதர்கள் வெளியேதான் நிற்க வேண்டும். அவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உங்கள் ஞாபகம்தான்.

ஆகவே பெரியப்பா, நீங்கள் வருந்துகிற விஷயம் பெரும்பாலும் உயிரோடுதான் இருக்கிறது. எனக்கு வருத்தம் வேறு இடத்தில்.

கல்லாறில் இப்போது யாரும் ஏறுவதில்லை, இறங்குவதில்லை. அட்டர்லியிலும் அப்படித்தான். காட்டேரி ரோடு, மேலே பெர்ன்ஹில், இவையெல்லாம் பயணிகளுக்கான நிறுத்தம் என்ற கணக்கிலிருந்து போய்விட்டன. கட்டடம் இருக்கிறது, பெயர்ப்பலகை இருக்கிறது, ரயிலும் தினம் அந்த வழியாகத்தான் போகிறது. இறங்குவதற்குத்தான் வழி இல்லை.

மூடிய பாதை என்றால் தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போய், மேலே முள்ளும் புதரும் மண்டியதைத்தான் நாம் சொல்கிறோம். ஓடிக்கொண்டிருக்கும் பாதையில் ஒவ்வொரு ஊராக மூடுவதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. எனக்கு இரண்டும் ஒரே வலிதான். கல்லாறு ஸ்டேஷன் உங்களுக்கு எப்படி இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். மேட்டுப்பாளையம் தாண்டி, பவானிப் பாலம் தாண்டி, பாக்குத் தோப்புக்குள் ரயில் நுழையும்போதே காற்று மாறிவிடும். பழப்பண்ணைப் பக்கத்திலிருந்து பலாப்பழத்தைச் சாக்கில் கட்டித் தூக்கி வருவார்கள். எந்தப் பெட்டியில் ஏற்றுவது என்று கார்டோடு ஒரு சின்னச் சண்டை நடக்கும். என்ஜின் ரேக்குக்குத் தயாராகும்வரை ஊரே பிளாட்பாரத்தில் பேசிக்கொண்டு நிற்கும். வீட்டுக் கல்யாணத்துக்குப் பெரியம்மா வாழைத்தாரும் வெற்றிலைக்கட்டும் வாங்கி அந்த ரயிலில்தான் மேலே கொண்டுவந்தார். அது வேடிக்கை பார்க்கப் போன பயணம் கிடையாது. பஸ்ஸில் ஏறுகிற மாதிரி ஏறினார், வீட்டு வாசலில் இறங்குகிற மாதிரி இறங்கினார்.

இன்று காலை 7.10க்கு மேட்டுப்பாளையத்தில் கிளம்புகிற வண்டியில் இடம் வேண்டுமென்றால் வெகு நாள் முன்னதாகவே பதிவு செய்ய வேண்டும். கோடை சீசனில் வெயிட்டிங் லிஸ்ட்தான். வருகிறவர்கள் மேல் எனக்குக் கோபமே இல்லை. கல்கத்தாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் இந்தச் சின்ன ரயிலைத் தேடி வருகிறார்கள் என்பது பெருமைதான். ரன்னிமேடு பக்கத்தில் மேகம் விலகி எதிர்மலை தெரியும்போது அவர்கள் போடுகிற கூச்சலில் நானும் சேர்ந்துகொள்வேன். 2005இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அந்தப் பெயர் இல்லையென்றால் இந்தப் பாதை எத்தனை பட்ஜெட்டைத் தாண்டியிருக்கும் என்று எனக்குப் பயம் உண்டு. 2009 நவம்பர் மழையில் மலையே சரிந்து, ஊரில் எத்தனையோ உயிர் போன அந்த வாரத்தில் பாதையும் பல இடத்தில் அறுந்து தொங்கியது. மறுபடி கட்டினார்கள். ஒவ்வொரு ஐப்பசியிலும் கார்த்திகையிலும் பாறை விழுகிறது, வண்டி ரத்தாகிறது, பாதையைப் பராமரிக்கிற கேங்மேன்கள் போய் அள்ளிப்போட்டு மறுபடி ஓடவிடுகிறார்கள். இத்தனை பாடுபட்டுக் காக்கிற ரயிலில் கல்லாறுக்காரர் ஒருவர் ஏற முடியவில்லையே என்பதுதான் என் மனத்தாங்கல்.

உங்கள் ஊரையே பாருங்கள். பழனி பொள்ளாச்சிப் பாதையில் மீட்டர்கேஜைப் பெயர்த்தபோது எத்தனை புலம்பினீர்கள். வருடக்கணக்கில் வண்டியே இல்லாமல் கிடந்தது. 2015இல் அகலப்பாதையாகத் திரும்பி வந்தது. இன்று தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் காவடியோடு மக்கள் வந்து இறங்குகிறார்கள். பழனி மலைக்கு அந்தப் பக்கம் போடி பாதை இன்னும் பெரிய கதை. 1928இல் போட்டது. இரண்டாம் உலகப்போரின்போது தண்டவாளத்தையே கழற்றிக்கொண்டு போனார்கள், பிறகு திரும்பப் போட்டார்கள். 2010 முடிவில் அகலப்பாதைக்காக மறுபடி மூடினார்கள். தேனிக்கு வண்டி வர 2022 மே ஆனது, போடிக்கு 2023 ஜூன். நடுவில் போன பன்னிரண்டு வருடம் சும்மா இல்லை, ஒரு தலைமுறைப் பிள்ளைகள் ரயில் பார்க்காமலே பள்ளிக்கூடம் முடித்துவிட்டார்கள். ஆனால் முதல் வண்டி வந்தபோது மாலையும் மேளமுமாக அதை வரவேற்றவர்கள் அந்த ஊர்க்காரர்கள். ஏறினவர்களும் அவர்கள்தான். அங்கே பழைய ரயில் செத்துப்போனது, ஊரின் ரயில் பிழைத்தது. நம் மலையில் பழைய ரயில் பிழைத்துக்கொண்டது, ஆனால் அது ஊரின் ரயிலாக இருக்கிறதா என்றுதான் எனக்குக் கேள்வி.

முழுக்க இல்லாமல் போய்விடவில்லை. குன்னூருக்கும் ஊட்டிக்கும் நடுவே டீசல் வண்டி தினமும் போய் வருகிறது. அதில் வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் எல்லாவற்றிலும் நிற்கிறது. அரவங்காட்டில் இறங்கி கார்டைட் வெடிமருந்து பாக்டரிப் பக்கம் நடக்கிறவர்களை நான் பார்க்கிறேன். கேத்தியில் ஒரு பாட்டி காரட் மூட்டையோடு ஏறினார், பக்கத்தில் கேமராவோடு உட்கார்ந்திருந்தவர் இடம் விட்டு மூட்டையை உள்ளே இழுத்துக் கொடுத்தார். அந்த வண்டியில் நீராவி இல்லை, பல்சக்கரம் இல்லை. இருந்தாலும் அதில் போகும்போது எனக்கு நீங்கள் ஓட்டின காலத்து ரயிலில் போகிற மாதிரியே இருக்கிறது.

குன்னூருக்குக் கீழே பஸ்தான் வேகம், அதை நான் மறுக்கவில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ரயில் எடுக்கும் நேரத்தில் பஸ் போய்த் திரும்பியே விடும். அவசரக்காரர்கள் பஸ்ஸில் போகட்டும். நான் கேட்பது சின்ன விஷயம்: கல்லாறிலும் அட்டர்லியிலும் ஏற இறங்க அனுமதி, மலையில் குடியிருப்பவர்களுக்கென்று பதிவில்லாத சில இடங்கள், சாதாரணக் கட்டணத்தில். எந்த என்ஜினையும் மாற்ற வேண்டாம், ஒரு ஆணியைக்கூடப் பெயர்க்க வேண்டாம். இதற்காக ஒரு மனு எழுதி வருகிறேன்.

அதற்குத்தான் நீங்கள் வேண்டும். 208 வளைவு, 250 பாலம், 16 குகை என்று எனக்கு மனப்பாடம் செய்து வைத்தது நீங்கள். அந்த எண்கள் எல்லாப் புத்தகத்திலும் இருக்கின்றன. 1854இலேயே திட்டம் பேசி, 1899இல்தான் குன்னூருக்கு வண்டி வந்தது, 1908இல் ஊட்டிக்குப் போனது, இதுவும் எல்லோருக்கும் தெரியும். எந்தப் புத்தகத்திலும் இல்லாதது உங்களிடம்தான் இருக்கிறது. எந்த வளைவில் மணல் போட வேண்டும், எந்தக் குகைக்குள் நுழையும் முன் துணியை நனைத்து மூக்கில் கட்ட வேண்டும், விடியும் முன்னே ஷெட்டுக்குப் போய் ஆவி ஏற்ற எவ்வளவு நேரம் ஆகும், எந்த ஸ்டேஷனில் யார் என்ன சரக்கோடு காத்திருப்பார்கள். இந்தக் கடைசி ஒன்றுதான் மனுவுக்கு மிகவும் தேவை. அந்த நிறுத்தங்களை யார் யார் எதற்காகப் பயன்படுத்தினார்கள் என்று, அந்தப் பாதையில் வேலை செய்த ஒருவர் கையெழுத்தில் இருந்தால் அதற்கு ஒரு எடை உண்டு. கை நடுங்குகிறது என்று அக்கா சொன்னார். நீங்கள் சொல்லுங்கள், நான் எழுதிக்கொள்கிறேன், கையெழுத்து மட்டும் நீங்கள் போடுங்கள்.

தைப்பூசக் கூட்டம் ஓய்ந்ததும் வாருங்கள். பழனியிலிருந்து பொள்ளாச்சி வழியாகக் கோயம்புத்தூர் வரை ரயிலிலேயே வரலாம். அங்கே நான் வந்து கூட்டிக்கொள்கிறேன். இரவு மேட்டுப்பாளையத்தில் தங்கி, காலை வண்டியைப் பிடிப்போம். ஸ்வெட்டர் எடுத்துவர மறக்காதீர்கள். டிக்கெட் என் பொறுப்பு. எல்லோரும் முன்பெட்டிக்குத்தான் அடித்துக்கொள்வார்கள். உங்களுக்கு நான் கடைசிப் பெட்டியில்தான் இடம் பார்க்கப் போகிறேன், என்ஜின் அதற்குப் பின்னால்தானே இருக்கும்.

அன்புடன்,
உங்கள் தம்பி மகள்,
குன்னூர்.