லொறிக் கமராவின் பதிவு சாரதிக்கும் கிடைக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஏ9 வீதியில் ஓடும் லொறி, டிப்பர், கொழும்பு இரவு பஸ் என்று இப்போது நிறைய வாகனங்களின் முன் கண்ணாடியில் ஒரு சின்னக் கமரா இருக்கிறது. அதை நான் வரவேற்கிறேன். ஓமந்தையிலிருந்து பரந்தன் வரை இரவில் ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும், நடு வீதியில் படுத்திருக்கும் கட்டாக்காலி மாடும் பின் விளக்கில்லாத உழவு இயந்திரப் பெட்டியும் கண்ணில் படும்போது பிரேக் பிடிக்க இடமே இருக்காது. விபத்து என்றதும் சனம் கூடி, பெரிய வாகனத்துக்காரன்தான் பிழை என்று அங்கேயே முடிவு கட்டிவிடும். அந்த நேரத்தில் நடந்ததை நடந்தபடி காட்ட அந்தக் கமராவை விட்டால் வேறு எதுவும் இல்லை.

சரி, அந்தப் பதிவு யாருடைய கையில் இருக்கிறது? நானும் லொறிச் சாரதிதான், கிளிநொச்சியிலிருந்து நெல்லும் மரக்கறியும் ஏற்றுகிறவன். எங்களில் பலர் ஓட்டுவது முதலாளியின் வாகனம், கமராவும் படம் பதிவாகும் மெமரி கார்ட்டும் அவருடையவை, சில முதலாளிமாருக்குப் படம் நேரே அவர்களின் போனுக்கே போகிறது. சாரதி பிழை விட்டால் வீடியோ உடனே வெளியே வரும். எதிரே வந்தவர் பிழை என்றால், காப்புறுதிக் கதை முடியும்வரை பொறு என்பார்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் இப்படிக் கேட்டு அலைந்து முடிப்பதற்குள் கார்ட்டில் பழையது அழிந்து புதியது ஏறிவிட்டது. இந்தக் கமராக்கள் அப்படித்தான், கார்ட் நிறைந்ததும் பழையதன் மேலேயே எழுதும், சின்னக் கார்ட் என்றால் அது சில மணி நேரக் கணக்குத்தான்.

வீடியோ நீதிமன்றத்தில் எடுபடாது என்று சிலர் சொல்வது பிழை. 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க சான்று (விசேட ஏற்பாடுகள்) சட்டம் சம்பவ நேரத்தில் எடுத்த பதிவைச் சான்றாக ஏற்க இடம் தருகிறது. ஆனால் கருவி ஒழுங்காக வேலை செய்திருக்க வேண்டும், பதிவில் கை வைத்திருக்கக் கூடாது. விசாரணைத் தினத்துக்குக் குறைந்தது 45 நாளுக்கு முன்னர் எதிர்த் தரப்புக்கு அறிவித்து நீதிமன்றத்தில் பட்டியல் கொடுக்கவும் வேண்டும். அப்படியென்றால், வெட்டி ஒட்டிப் பாட்டுப் போட்டு டிக்டொக்கில் ஏற்றிய துண்டு கேள்விக்குள்ளாகும், திகதியும் நேரமும் பிழையாக ஓடும் கமராவும் அப்படித்தான். முதலாளி கடைசி நேரத்தில் கார்ட்டைத் தூக்கித் தந்தால் அந்த 45 நாளுக்குச் சாரதி எங்கே போவார்?

இன்னொன்று, சாரதியை நோக்கித் திருப்பி வைக்கும் உட்கமரா. தூங்கி விழுகிறோமா என்று பார்ப்பது நியாயந்தான், அதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் குரலும் சேர்ந்து பதிவாகிறது. வீட்டுக்காரியுடன் பேசுவது, வண்டியை ஓரங்கட்டி உள்ளேயே படுத்திருப்பது எல்லாம் அதில் விழுகிறது. பஸ்ஸில் என்றால் பயணிகளின் முகமும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொந்த, வீட்டுத் தேவைக்கு எடுப்பதைத்தான் விலக்கி வைத்திருக்கிறது. வாடகைக்கும் கூலிக்கும் ஓடும் வாகனத்தை அந்தக் கணக்கில் எப்படிச் சேர்ப்பது? ஜேர்மனியில் 2018 மே மாதம் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், இடைவிடாமல் பதிவு செய்துகொண்டே போவது தரவுச் சட்டத்துக்கு மாறு, ஆனாலும் விபத்து வழக்கில் அந்தப் பதிவைச் சான்றாக ஏற்கலாம் என்று தீர்ப்பளித்தது. இங்கேயும் இரண்டையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

போக்குவரத்து அமைச்சிடம் நான் கேட்பது இதுதான். கூலிக்கு ஓடும் வாகனங்களில் கமரா வைப்பவர்களுக்குத் தனியாக விதி எழுதுங்கள். விபத்து நடந்தால் கார்ட்டை உடனே கழற்றி மூலப் பதிவை அப்படியே பாதுகாக்கவும், அடுத்த நாளுக்குள் சாரதிக்கு ஒரு பிரதி கொடுக்கவும் உரிமையாளரைக் கட்டாயப்படுத்துங்கள். உள்ளே குரல் பதிவு வேண்டாம். பஸ்ஸில் கமரா இருக்கிறது என்று தமிழிலும் சிங்களத்திலும் வாசலிலேயே எழுதி ஒட்டட்டும். இறந்தவர்களின் வீடியோவை முகநூலில் போடுகிறவர்கள் மீது நடவடிக்கை எடுங்கள், அந்தக் குடும்பங்கள் இங்கேதான் இருக்கின்றன.

விதி வரும்வரை, வேலைக்குச் சேரும் சாரதிகள் பதிவின் பிரதி தருவதாக முதலாளியிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு லொறிச் சாரதி,
மாங்குளம்.