ஹப் பேரிங் எந்த எண்ணில் வரும் என்பதைச் சரக்கு வருமுன் சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் இருபத்தாறு ஆண்டுகளாக வாகன உதிரிபாகக் கடை நடத்தி வருகிறேன். வேலந்தாவளம், கோபாலபுரம், வாளையாறு வழியாகக் கோவைக்கும் பொள்ளாச்சிக்கும் போய்வரும் வண்டிகளை நம்பியே எங்கள் பகுதிக் கடைகள் இருக்கின்றன. உள்ளூரில் கிடைக்காத சாமான்களை எங்களில் சிலர் நேரடியாக இறக்குமதி செய்கிறோம். அப்படி என் பெயரில் வந்து, சுங்கத்தில் வரி கட்டி, விற்றும் முடிந்துபோன ஒரு சரக்குக்கு மூன்று ஆண்டுகள் கழித்துச் சுங்கத் துறையிலிருந்து நோட்டீஸ் வந்திருக்கிறது. நாற்பது பக்க ஆங்கில நோட்டீஸை என் மகள் இரண்டு இரவு உட்கார்ந்து படித்துச் சொன்னாள். இது என் ஒருவனுடைய தொல்லை என்றால் பத்திரிகைக்கு எழுதியிருக்க மாட்டேன்; உதிரிபாகம் இறக்கும் எவருக்கும் இது நாளை வரக்கூடியது என்பதால் எழுதுகிறேன்.

சரக்கு, காரின் முன்சக்கர ஹப் பேரிங். முன்பெல்லாம் பேரிங் தனி வளையமாக வரும். மெக்கானிக் அதைப் பிரஸ்ஸில் வைத்து ஹப்புக்குள் இறக்குவார். இப்போது வருவது ஒரே உருப்படி. உள்ளே இரண்டு வரிசைக் குண்டுகள், வெளியே போல்ட்டுத் துளைகளோடு ஒரு தட்டு, சில மாடல்களில் ஏ.பி.எஸ். (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) சென்சாருக்கான ஒயரும் கூடவே. கையில் எடுத்துச் சுற்றினால் சத்தமில்லாமல் சுற்றும். அது செய்வது பேரிங்கின் வேலைதான். எங்கள் பில்லிலும் அனுப்பியவரின் இன்வாய்ஸிலும் ‘ஹப் பேரிங்’ என்றே இருந்தது. சுங்க அட்டவணையில் ஒவ்வொரு வகைப் பொருளுக்கும் ஓர் எண் உண்டு; அந்த எண்ணை வைத்துத்தான் வரி. நான் 8482 என்ற பேரிங் எண்ணில் காட்டி 7.5 சதவீதம் கட்டினேன். இது மோட்டார் வாகனப் பாகம், 8708இல் 15 சதவீதம் கட்டியிருக்க வேண்டும் என்கிறது நோட்டீஸ்.

பத்து லட்ச ரூபாய்ச் சரக்கை வைத்துக் கணக்கிட்டால் விஷயம் புரியும். சமூக நலக் கூடுதல் தீர்வையையும் சேர்த்து 7.5 சதவீதத்துக்கு 82,500 ரூபாய் வருகிறது. 15 சதவீதத்துக்கு 1,65,000. வித்தியாசமான 82,500 ரூபாய்க்கு ஆண்டுக்கு 15 சதவீத வட்டி; அதற்கு மேல் வரிக்குச் சமமான அபராதம். இறக்குமதிக்குக் கட்டும் ஜி.எஸ்.டி.யான ஐ.ஜி.எஸ்.டி.யின் வித்தியாசம் இதில் சேரவில்லை. அந்தச் சரக்கில் எனக்கு நின்ற லாபம் இந்தத் தொகையில் பாதிகூட இராது. விற்றுத் தீர்ந்த சாமானுக்கு இனி யாரிடம் போய்க் கூடுதல் விலை கேட்பேன்?

2011 ஏப்ரல் முதல் இறக்குமதியாளரே தன் சரக்கின் எண்ணையும் வரியையும் தீர்மானித்து பில் ஆஃப் என்ட்ரி என்னும் இறக்குமதிப் படிவத்தில் காட்டும் சுயமதிப்பீட்டு முறை நடைமுறையில் உள்ளது. பொறுப்பை எங்கள் தலையில் வைத்ததைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பொறுப்பை நிறைவேற்ற எங்களுக்குக் கிடைத்திருப்பது 1975ஆம் ஆண்டுச் சுங்கத் தீர்வைச் சட்டத்தின் அட்டவணையும், அதன் பிரிவுக் குறிப்புகளும், அவற்றுக்கு நீதிமன்றங்கள் சொன்ன விளக்கங்களும்தான். அவை ஒரே திசையில் போகவில்லை என்பதே என் முறையீடு.

அந்த அட்டவணையில் வாகனங்களைப் பற்றிய 17ஆம் பிரிவின் இரண்டாவது குறிப்பு, எவையெல்லாம் அந்தப் பிரிவில் ‘பாகங்கள்’ ஆகமாட்டா என்று வரிசையாகச் சொல்கிறது. பொதுப் பயன்பாட்டு நட்டு, போல்ட்டு, வாஷர், ரப்பர் சாமான்கள், மின்சாதனங்கள் ஆகியவற்றோடு 8482இல் வரும் பேரிங்குகளும் அதில் உள்ளன. இயந்திரங்களை வெளியே தள்ளும்போது ரேடியேட்டரை மட்டும் விலக்கி உள்ளே வைத்திருக்கிறது. எது உள்ளே, எது வெளியே என்று யோசித்தே எழுதியிருக்கிறார்கள் என்பதற்கு அந்த ஒரு விலக்கே சாட்சி. மூன்றாவது குறிப்போ, ஒரு வாகனத்துக்கு மட்டுமே அல்லது முக்கியமாக அதற்கே பயன்படும் பாகம் அந்த வாகனத்தோடு சேரும் என்கிறது. இரண்டாவது குறிப்பில் விலக்கப்பட்ட பொருளை மூன்றாவது குறிப்பைக் காட்டி மீண்டும் உள்ளே கொண்டுவரலாமா என்பதுதான் சண்டை.

வாகனத்துக்கென்றே செய்த நட்டு, போல்ட்டு போன்றவை வணிகத்தில் வாகனப் பாகமாகவே அறியப்படுகின்றன என்று சொல்லி, 2003இல் உச்ச நீதிமன்றம் அவற்றை 8708இல் சேர்த்தது. 2020இல் காருக்கென்றே வெட்டித் தைத்த தரைவிரிப்பைத் துணிவகை விரிப்பு என்று 57ஆம் அத்தியாயத்தில் வைத்தது. 2021 மார்ச்சில், ரயில்வே சிக்னலுக்கு மட்டுமே பயன்படும் ரிலேக்களை, மின்சாதனம் என்ற விலக்கைத் தாண்டி, ரயில்வே பாகமாகவே ஏற்றது. இந்தத் தீர்ப்புக்குப் பிறகுதான் வாகன உதிரிபாகங்களையும் 8708க்கு நகர்த்தும் நோட்டீஸ்கள் பெருகின. அந்தத் தீர்ப்பைக் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றுக்கும் பொருத்தாமல் பிரிவுக் குறிப்புகளோடு சேர்த்து ஒவ்வொரு பொருளையும் தனியே பார்க்க வேண்டும் என்று 2022 ஜனவரியில் மத்திய மறைமுக வரிகள் மற்றும் சுங்க வாரியமே அதிகாரிகளுக்கு அறிவுறுத்தியது. வாரியமே விளக்கம் சொல்லவேண்டி வந்த ஒரு விஷயத்தில், கடைக்காரன் எண்ணைத் தெரிந்தே மாற்றிப் போட்டான் என்று எப்படிச் சொல்ல முடியும்?

எனக்கு மிகவும் வலிப்பது இந்த இடம்தான். குறைவாகக் கட்டிய வரியைக் கேட்கச் சுங்கச் சட்டத்தின் 28ஆம் பிரிவின்படி சாதாரணமாக இரண்டு ஆண்டுகள்தான் கெடு. உண்மையை மறைத்தான், வேண்டுமென்றே தவறாகச் சொன்னான் என்றால் மட்டுமே ஐந்து ஆண்டுகள். மூன்று ஆண்டு கழித்து வந்த என் நோட்டீஸில் அதனால்தான் ‘மறைத்தார்’ என்ற சொல் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. நான் எதை மறைத்தேன்? பெயர், பார்ட் நம்பர், கேட்லாக் படம் எல்லாம் கொடுத்தேன்; பெட்டியைத் திறந்து பார்த்த பிறகுதான் சரக்கு வெளியே வந்தது. சலுகை கோருவது இறக்குமதியாளரின் நம்பிக்கையைப் பொறுத்தது, அது தவறான தகவல் தந்ததாகாது என்று உச்ச நீதிமன்றம் 1998லேயே சொல்லியிருக்கிறது. நோட்டீஸ் கிடைத்த முப்பது நாளுக்குள் வரியும் வட்டியும் வரியில் 15 சதவீத அபராதமும் கட்டினால் வழக்கு முடிந்துவிடும் என்று சட்டம் வழிவிடுவதால், சிறு வணிகர்கள் பலர் வாதாடாமல் கட்டிவிடுகிறார்கள். கட்டினால் மறைத்ததாக ஒப்புக்கொண்டது போலாகிவிடுமே என்ற ஒரே காரணத்தால் நான் கட்டவில்லை.

முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ள முன்தீர்ப்பு ஆணையம் இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். அதன் அலுவலகங்கள் மும்பையிலும் புதுடெல்லியிலும் உள்ளன. கட்டணம் பத்தாயிரம் ரூபாய். கிடைக்கும் தீர்ப்போ கேட்டவரை மட்டுமே கட்டுப்படுத்தும். நூறு வகைச் சாமான் இறக்கும் கடைக்காரன் நூறு மனுப் போட முடியாது.

அட்டவணை தெளிவாக எழுதப்பட்ட இடத்தில் சண்டை வருவதில்லை. பிரேக் லைனிங் தனியாக வந்தால் 6813. ஷூவில் பொருத்தி வந்தால் 8708. எங்கள் கடைப் பையனுக்கே இது தெரியும். ஹப் பேரிங்குக்கும், ஏனைய சர்ச்சைக்குரிய பாகங்களுக்கும் இதேபோல் ஒரு கோடு போடச் சுங்கச் சட்டத்தின் 151ஏ பிரிவு வாரியத்துக்கு அதிகாரம் தருகிறது. தட்டு உள்ளது, சென்சார் உள்ளது, இரண்டும் இல்லாதது என்று படத்தோடு பிரித்து, எது எந்த எண் என்று ஒரு சுற்றறிக்கை வெளியிட்டால் போதும். 8708 என்றே முடிவானாலும் சரி, அன்றைய தேதியிலிருந்து கட்டுகிறோம், விலையில் சேர்த்துக்கொள்வோம். சரக்கின் விவரத்தை ஒளிக்காமல் கொடுத்தவர்கள் மீது ஐந்தாண்டுக் கெடுவைப் பயன்படுத்தக் கூடாது என்பதையும் அதிலேயே எழுத வேண்டும்.

இன்னொன்றையும் நிதியமைச்சகம் கவனிக்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல், எந்த எண்ணில் வந்தாலும் வாகன உதிரிபாகங்களுக்கு ஒரே 18 சதவீதம் என்று ஜி.எஸ்.டி.யில் மாற்றியதும், எண்ணை வைத்து நடந்த பாதிச் சண்டை நின்றுவிட்டது. சுங்கத்தில் மட்டும் 7.5க்கும் 15க்கும் இடையிலான இந்த இடைவெளி அப்படியே இருக்கிறது. உள்நாட்டு உற்பத்தியைக் காக்கத்தான் 15 சதவீதம் என்றால், காக்க வேண்டிய பாகங்கள் எவை என்று பெயர் சொல்லி எழுதட்டும்.

என் பதில் மனுவோடு ஒரு ஹப் பேரிங்கையும் விசாரணைக்கு எடுத்துச் செல்லப் பெட்டியில் எடுத்து வைத்திருக்கிறேன். முடிவு சொல்பவர் அதைக் கையில் வாங்கி ஒருமுறை சுற்றிப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்வேன்.

இப்படிக்கு,
உதிரிபாக வணிகர் ஒருவர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.