சஹாரா ஓட்டப் பயிற்சி: உறுப்பினர்கள் கவனத்திற்கு

அன்பு உறுப்பினர்களுக்கு வணக்கம்.

மொராக்கோவின் சஹாராப் பகுதியில் நடைபெறும் 'மாரத்தான் தெ சாப்ல்' ஓட்டத்தில் அறப்பணி நிதிக்காகப் பங்கேற்கவிருக்கும் நண்பர்கள், இந்த வாரம் முதல் வேகத்தைப் பொருட்படுத்தாமல் முதுகுச் சுமையோடு ஓடிப் பழகுமாறு கேட்டுக்கொள்கிறேன். 1986-இல் தொடங்கிய இந்த ஓட்டத்தில் ஏறத்தாழ 250 கிலோமீட்டரைப் பல கட்டங்களாகக் கடக்கும்போது, உணவையும் உறங்கும் பையையும் ஓடுபவரே சுமக்க வேண்டும். தண்ணீரும் கூடாரமும் மட்டுமே ஏற்பாட்டாளர்கள் தருவார்கள். தண்ணீரைச் சேர்க்காமலே பை 6.5 கிலோவுக்குக் குறையக் கூடாது என்பது விதி. ஆகவே 3 கிலோவில் தொடங்கிச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். ஒரேயடியாக ஏற்றினால் முழங்கால் தாங்காது.

வெப்பத்திற்கு உடல் பழக 10 முதல் 14 நாள்கள் ஆகும். அந்நாள்களில் வியர்வை முன்னதாகவே சுரக்கத் தொடங்கும். அதில் வெளியேறும் உப்பும் குறையும். ஆயினும் உப்பில்லாமல் வெறும் தண்ணீரை மிகுதியாகக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து மனக்குழப்பமும் வலிப்பும் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதால், இந்த ஒன்றில் மட்டும் யாரும் அலட்சியமாக இருக்க வேண்டாம் என்று மன்றாடிக் கேட்கிறேன்.

நெடுந்தொலைவு ஓட்டத்தில் பாதம் வீங்கும். சற்றுப் பெரிய காலணியை வாங்கி, மணல் புகாதபடி அதன் மேல் துணியுறையைத் தைத்துக்கொள்ளுங்கள். மருத்துவச் சான்றிதழும் ஈ.சி.ஜி. அறிக்கையும் கட்டாயம் என்பதால், மருத்துவரை இப்போதே பாருங்கள்.

ஞாயிறு காலை 5 மணிக்குக் கடற்கரை மணலில் இரண்டு மணி நேரம் சுமையோடு நடப்போம். வர இயலாதவர்கள் சனிக்கிழமை மாலைக்குள் இங்கேயே தெரிவிக்கவும்.